குழாய் நீரும் ஆர்.ஓ. இயந்திரமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நம் முன் ஒரு கடிதம் இருக்கிறது. நிறுவனம் ஒன்று நம் சங்கத்துக்கு எழுதியது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. உறுப்பினர்களில் நூறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தைத் தள்ளுபடி விலையில் தருவார்களாம். மாதத் தவணையும் உண்டாம். தவணைக்குச் சங்கம் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் போதுமாம். செயற்குழுவில் பாதிப் பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் தயங்குகிறார்கள். "சார், நீங்கள் அறிவியல் சொல்லிக் கொடுத்தவர், வந்து விளக்குங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் வந்து நிற்கிறேன்.

சுற்றி வளைக்காமல் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கம் கையெழுத்திடக் கூடாது. இந்த மும்பை மாநகரத்தில், மாநகராட்சிக் குழாயில் வரும் நீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை. அந்த இயந்திரம் எதை நீக்குவதற்காக உண்டாக்கப்பட்டதோ அது நம் குழாய் நீரில் இல்லை. நம் குழாய் நீரில் எது கெடுதலோ அதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்.ஓ. என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே அது உயிர் காக்கும், எங்கே அது வீண் செலவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அது என்ன இயந்திரம் என்று பார்ப்போம். தாய்மார்களுக்கு இது தெரிந்த விஷயந்தான். உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் பருத்து உப்புகிறது. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் கோத்து நிற்கிறது. தோல் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று நடுவே இருந்தால், உப்போ சர்க்கரையோ குறைவாக உள்ள பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் தானாகவே போகும். இதைச் சவ்வூடு பரவல் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உப்பு நீர் இருக்கும் பக்கத்தில் பம்பு வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? பரவல் திசை மாறும். நீர் மட்டும் சவ்வைத் தாண்டி நல்ல பக்கம் வரும், உப்பு பின்தங்கிவிடும். எதிர்த் திசையில் நடப்பதால் எதிர் சவ்வூடு பரவல் என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஆர்.ஓ. என்கிறோம்.

இந்த வித்தையைப் பயனுக்குக் கொண்டுவந்ததில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1959, 60 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சவுரிராஜன் என்பவரும் சேர்ந்துதான் போதிய வேகத்தில் நீரை வடித்துத் தரும் சவ்வை முதன்முதலில் செய்தார்கள். சவுரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் என்று தஞ்சை, நாகை வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1965-இல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இந்த முறையில் குடிநீர் கொடுத்தார்கள். அந்த ஊரின் நிலத்தடி நீர் உப்பு. ஒரு காலத்தில் அங்கே குடிநீர் ரயிலில்தான் வந்தது. ஆக, பிறந்த நாளிலிருந்தே ஆர்.ஓ.வின் வேலை உப்பை எடுப்பது. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு பிடித்து வைத்த உப்பு அங்கேயே தங்கினால் சவ்வு அடைத்துப்போகும். ஆகவே அந்த உப்பை அலசிக்கொண்டு போக எப்போதும் கொஞ்சம் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரத்தின் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று தொட்டிக்கோ சாக்கடைக்கோ போகிறதே, அது அந்த நீர்தான். வீட்டில் வைக்கும் சாதாரண ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். இதன் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

நம் நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது? மும்பைக்கு நீர் தருபவை ஏழு ஏரிகள். விகார், துளசி இரண்டும் நகரத்துக்குள்ளே காட்டில் இருப்பவை. தான்சா, மோடக் சாகர், மேல் வைத்தரணா, நடு வைத்தரணா, பாட்சா ஐந்தும் தானே, பால்கர், நாசிக் மாவட்டங்களில் இருப்பவை. நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவிலிருந்து பெருங்குழாய்களிலும் சுரங்கங்களிலும் நீர் வருகிறது. எல்லாம் மழை நீர். கருங்கல் மலைச்சரிவில் விழுந்து ஏரியில் சேர்கிற நீர். போர்வெல் நீரைப் போலப் பூமிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து உப்பை உறிஞ்சிய நீர் அல்ல. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. கரைந்த பொருள் அனைத்தும் சேர்ந்து லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. இதைத்தான் விற்பனையாளர் டி.டி.எஸ். என்கிறார். நம் ஏரி நீரில் அது நூறை ஒட்டித்தான் இருக்கும், பல இடங்களில் அதற்கும் கீழே. ஐந்நூறு வரை நல்லது என்று அரசாங்கத் தரம் சொல்லும்போது, நூறு உள்ள நீரில் உப்பை எடுக்க இயந்திரம் எதற்கு?

எடுத்தபின் என்ன நடக்கிறது என்பது இன்னும் வேடிக்கை. எண்பது, நூறு இருந்த நீர், சவ்வைத் தாண்டியதும் பத்துக்கு இறங்கிவிடும். சுவையே இருக்காது. உடம்புக்கு வேண்டிய சுண்ணச்சத்தும் மக்னீசியமும் போய்விடும். சத்து நீங்கிய நீரையே நெடுநாள் குடிப்பது நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடுகளிலேயே எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே கம்பெனிக்காரர் இயந்திரத்தில் ஒரு திருகு வைத்திருக்கிறார். அதைத் திருப்பினால் சவ்வுக்குள் போகாத குழாய் நீரில் கொஞ்சம் பக்கவாட்டில் வந்து கலக்கும், எண் ஐம்பதுக்கு ஏறும். காசு கொடுத்து எடுத்ததைத் திருகு வைத்துத் திரும்பக் கலக்கிறோம்! (சிரிப்பு)

இனி அந்தக் கம்பி வித்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிருக்கும் பல வீடுகளுக்கு அது வந்திருக்கிறது. விற்பனைப் பையன் இரண்டு கண்ணாடித் தம்ளர் கேட்பான். ஒன்றில் உங்கள் குழாய் நீர், மற்றொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. நீர். உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுப்பான். சற்று நேரத்தில் உங்கள் நீர் பழுப்பாகி, பச்சையாகி, கறுத்துச் சேறு போலத் திரளும். அவனுடைய நீர் அப்படியே தெளிவாக நிற்கும். "அம்மா, இதைத்தான் உங்கள் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்" என்பான். எந்தத் தாய்க்கு மனம் பதறாது?

சென்ற மாதம் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் இந்த வித்தை நடந்தபோது நானும் இருந்தேன். பையன் பேசி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அவனுடைய தெளிந்த நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொன்னேன். தயங்கினான். அந்த வீட்டு அம்மாவே உப்பைப் போட்டுவிட்டார்கள். இறக்கினான். அந்த நீர் குழாய் நீரைவிட வேகமாகக் கறுத்தது. (கைதட்டல்)

காரணம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். கம்பிகளில் ஒன்று இரும்பு. நீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரையும். கரைந்த இரும்பு துருவாகித் திரளும். நீங்கள் பார்த்த அழுக்கு நீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. அவ்வளவுதான் வித்தை. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், மின்சாரமும் நீரும் சேர்ந்த விளையாட்டு உயிருக்கு ஆபத்து. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. மாதத்துக்கு இத்தனை இயந்திரம் விற்றால்தான் சம்பளம் என்று கீழே இறங்கும்போது படிக்கட்டில் சொன்னான். அவனுக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறவர்கள் மேல்தான் கோபம்.

பேனா போன்ற டி.டி.எஸ். கருவியும் அப்படித்தான். அது நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பைக் கணிக்கிறது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு தம்ளர் நல்ல நீரில் சிறிது உப்பைப் போடுங்கள், எண் குதித்து ஏறும். இன்னொரு தம்ளரில் சாக்கடை நீரை இரண்டு சொட்டு விடுங்கள், எண் அசையாது. எதைக் குடித்தால் காமாலை வரும்?

(கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி: "போன மழையில் என் பேத்திக்குக் காமாலை வந்தது, சார். அதற்காகத்தான் வாங்க நினைத்தோம்.")

அம்மா, நீங்கள் சொன்னதுதான் உண்மையான கேள்வி. நம் நீரில் உப்பு இல்லை, ஆனால் நம் தெருக்களுக்கு நோய் வருகிறது. காமாலையும் டைபாய்டும் வயிற்றுப்போக்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகின்றன. இது எங்கிருந்து வருகிறது?

2019-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் குழாய் நீரைப் பரிசோதித்து அறிக்கை வெளியிட்டது. மும்பையில் எடுத்த பத்து மாதிரிகளும் தேறின. முதலிடம் நமக்கு. தில்லியில் எடுத்த பதினொன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. சென்னையும் தேறவில்லை. நல்ல செய்திதான். ஆனால் பத்து மாதிரி என்பது பத்துக் குழாய். கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில் குடிசைச் சந்தின் கடைசி வீட்டுக் குழாய் எப்படி இருக்கிறது என்று அந்தப் பத்து சொல்லாது. பாண்டுப்பிலும் பாஞ்சராப்பூரிலும் நீரைப் படியவைத்து, மணலில் வடித்து, குளோரின் கலந்து நல்ல நீராகத்தான் அனுப்புகிறார்கள். வழியில்தான் கெடுகிறது.

எப்படிக் கெடுகிறது என்று நம் சந்துகளை நடந்து பார்த்தவருக்குத் தெரியும். விரல் பருமன் குழாய்கள் கொத்துக் கொத்தாகச் சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடக்கின்றன. ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரந்தான் நீர் வருகிறது. நீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டையிலிருந்து வெளியே கசியும், அதனால் நமக்கு நோயில்லை, நட்டந்தான். நீர் நின்றபின் குழாய் வெறுமையாகிவிடும். அப்போது சாக்கடை அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். போதாக்குறைக்கு, அழுத்தம் இல்லை என்று ஆளாளுக்கு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறோம். மோட்டார் நீரை மட்டுமா உறிஞ்சும்? பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். இதை மாநகராட்சியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தக் கூட்டத்தில் மோட்டார் வைத்தவர்களும் இருக்கிறார்கள். (சலசலப்பு)

ஆர்.ஓ. கிருமியைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். தடுக்கும். சவ்வு நல்ல நிலையில் இருக்கும் வரை நன்றாகவே தடுக்கும். ஆனால் கொதிக்கவைத்தாலும் கிருமி சாகும். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும். காமாலைக் கிருமிக்கும் அது போதும். புற ஊதா விளக்கு வைத்த வடிகட்டி உப்பைத் தொடாமல் கிருமியை மட்டும் கொல்லும். விலையும் பொதுவாகக் குறைவு, ஒரு சொட்டு நீரும் வீணாகாது. ஆர்.ஓ.வில் வேறொரு சிக்கலும் உண்டு. குளோரின் பட்டால் சவ்வு கெடும் என்பதால் முதலில் கரி வடிகட்டி குளோரினை நீக்கிவிடுகிறது. பிறகு அந்த நீர் இயந்திரத்தின் சிறு தொட்டியில் காவல் இல்லாமல் நிற்கிறது. தொட்டியைக் கழுவாமல், வடிகட்டியைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் அங்கேயே கிருமி வளரும். மாற்றுவதற்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஆகும். வாங்கும்போது விலையைச் சொல்கிறவர்கள் இந்தச் செலவை மெல்லத்தான் சொல்வார்கள். முதல் தவணையைக் கட்டும் குடும்பம் மூன்றாம் ஆண்டு சவ்வை மாற்றுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். குடிசைப் பகுதிக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது மாநகராட்சி நெடுநாளாக வைத்திருக்கும் அளவு. அடுக்குமாடி வீட்டுக்கு 135, 150. இந்த வேறுபாட்டின் நியாயத்தை இன்னொரு நாள் பேசுவோம். ஐந்து பேர் உள்ள நம் குடும்பத்துக்கு 225 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் ஆர்.ஓ. நீர் எடுத்தால், கால் பங்குதான் தேறும் இயந்திரத்தில் 80 லிட்டர் உள்ளே போக வேண்டும். 60 லிட்டர் வெளியே போய்விடும். வீட்டில் ஓர் ஆளின் பங்கு 45 என்றால், அந்த ஓர் ஆளின் பங்கும் போய், மேலும் 15 லிட்டர் போகிறது! அதைப் பிடித்துப் பாத்திரம் துலக்கலாம், தரை துடைக்கலாம் என்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் பிடித்து வைக்க டிரம் எங்கே வைப்பது? நாலரை மணிக்கு எழுந்து குடத்தை வரிசையில் வைக்கும் பெண்ணைக் கேளுங்கள், அறுபது லிட்டர் என்றால் எத்தனை குடம், எத்தனை நடை என்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த நீர் நம்முடையது மட்டுமல்ல. பாட்சா, தான்சா, வைத்தரணா ஏரிகளைத் தன்னிடத்தே வைத்திருக்கும் சகாபூர் வட்டாரத்திலேயே கோடையில் ஆதிவாசிக் கிராமங்களுக்கு டேங்கரில் நீர் போகிறது. ஏரிக்கரையில் இருப்பவள் குடத்தோடு மைல்கணக்கில் நடக்கிறாள். அவள் ஊரைத் தாண்டி நூறு கிலோமீட்டர் வந்த நீரை நாம் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லிச் சாக்கடையில் விடுவதா? நாமும் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள்தான்.

அப்படியானால் ஆர்.ஓ. யாருக்கு? ஊரில் ராமநாதபுரம் பக்கத்து உறவினர் வீட்டில் இயந்திரம் இருப்பதைப் பார்த்து வந்து இங்கே வாங்குகிறோம். அங்கே நிலத்தடி நீர் உப்பு, அங்கே அது வேண்டும். பெங்களூரில் காவிரிக் குழாய் எட்டாத பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கிற நம்மவர்களுக்கும் பரிசோதனையைப் பொறுத்து வேண்டியிருக்கும். தங்கவயல் இருக்கும் கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல் கறைபடும், மிகவும் கூடினால் எலும்பே வளையும். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். அங்கே ஆர்.ஓ. உயிர் காக்கும் கருவி. கர்நாடக அரசு ஊர்தோறும் பொது ஆர்.ஓ. நிலையம் வைத்துச் சொற்பக் காசுக்குக் குடம் நிரப்பித் தந்தது அதனால்தான். மும்பையிலும் புறநகர்களில் டேங்கர் நீரையும் போர்வெல் நீரையும் நம்பியிருக்கும் குடியிருப்புகள் உண்டு. அங்கே வாழும் உறுப்பினர்கள் நீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த பொருள் ஐந்நூறுக்கு மேல் இருந்தால், ஃபுளோரைடோ நைட்ரேட்டோ கூடியிருந்தால், தாராளமாக வாங்குங்கள். நானே உடன் வந்து நல்லதாகத் தேர்ந்து தருகிறேன்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டு மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கரைந்த பொருள் 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யுமாறும், மற்ற இடங்களில் உள்ளே போகும் நீரில் நூற்றுக்கு 60 பங்காவது நல்ல நீராகத் திரும்பவும், பிறகு அதை 75 ஆக உயர்த்தவும் வழிசெய்யுமாறும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இயந்திரம் செய்பவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதன்பின் வரைவு, விதி, வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. விற்பனை ஒரு நாளும் நிற்கவில்லை. நடிகைகள் விளம்பரத்தில் தம்ளரைத் தூக்கிக் காட்டுவதும் நிற்கவில்லை.

தோழர்களே, எனக்கு உண்மையில் கவலை தருவது இயந்திரத்தின் விலை அல்ல. நம் சந்தில் இருபது வீடு இருக்கிறது. இருபது வீட்டாரும் ஒன்றாகப் போய் வார்டு அலுவலகத்தில் நின்றபோது, முன்பொரு முறை சாக்கடைக்குள் கிடந்த குழாயை எடுத்து மேலே சுவரோரம் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது அதே சந்தில் ஏழு வீட்டில் இயந்திரம் இருக்கிறது. அந்த ஏழு பேரும் படித்தவர்கள், மராத்தி சரளமாகப் பேசுகிறவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள். சென்ற மழையில் நீர் நாற்றமடித்தபோது அந்த ஏழு பேரில் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கு நாற்றம் தெரியவில்லை, கரி வடிகட்டி அதை எடுத்துவிட்டது! மீதிப் பதின்மூன்று வீட்டுப் பெண்கள் போய் நின்றார்கள். பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களிடம் அலுவலர் ஒருவர் சொன்னாராம், "மறுசீரமைப்பு வரப்போகிறது, இப்போது குழாய் எதற்கு?" என்று. தாராவி மறுசீரமைப்பை 2004-ஆம் ஆண்டிலிருந்து பேசுகிறார்கள். அந்த ஆண்டு பிறந்த குழந்தை இன்று ஓட்டுப் போடுகிறது. அதுவரை சாக்கடை நீரைக் குடித்துக்கொண்டு காத்திருக்கவா?

நூறு குடும்பம் இயந்திரம் வாங்கினால் நூறு மனு குறையும். அதைச் சங்கமே கையெழுத்திட்டுச் செய்து வைப்பதா?

குடிநீர் நமக்கு யாரும் போடும் பிச்சை அல்ல. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் பாணி ஹக் சமிதி தொடர்ந்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், குடிநீர் பெறும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு எழுந்த குடிசை என்பதற்காக நீரை மறுக்க முடியாது, அதற்கொரு திட்டம் வகுக்க வேண்டும் என்று மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. அந்தச் சமிதியில் எல்லா மொழிக்காரர்களும் இருந்தார்கள், தமிழரும் தோளோடு தோள் நின்றார்கள். நம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பு தெரியும்? கம்பெனியின் தள்ளுபடி மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

பணம் இல்லை என்பார்கள். நகரத்துக்கு ஒரு நாளில் வரும் நீர் ஏறத்தாழ 385 கோடி லிட்டர். அதில் கால் பங்குக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் போகிறது என்பது பல்லாண்டாகச் சொல்லப்படும் கணக்கு. கால் பங்கு என்றால் 96 கோடி லிட்டர். மனோரியில் கடல் நீரை இதே ஆர்.ஓ. முறையில் நன்னீராக்கத் திட்டமிட்டிருக்கிறார்களே, அது தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர் தருமாம். ஓட்டையில் போவது அதைப் போல நாலரை மடங்குக்கு மேல். ஓட்டையை அடைத்தால் நட்டமும் குறையும், நோயும் குறையும், ஏனென்றால் நீர் வெளியே போகும் ஓட்டையும் சாக்கடை உள்ளே வரும் ஓட்டையும் ஒன்றுதான். அடைப்பதில் திறப்பு விழா இல்லை, கல்வெட்டில் பெயர் இல்லை. அதனால்தான் எந்தக் கட்சிக்காரரும் அதைத் தேர்தலில் பேசுவதில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. கம்பெனிக் கடிதத்துக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதிவிடுங்கள். அந்த உழைப்பை வேறொன்றில் போடுவோம். நீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்க எளிய புட்டி ஒன்று உண்டு. 1982-இல் மஞ்சா என்ற இந்திய அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட முறை அது. மருந்து தோய்த்த தாள் உள்ள புட்டியில் நீரைப் பிடித்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் நீர் கறுக்கும். இது கம்பி வித்தை இல்லை, இந்தக் கறுப்பு உண்மையான கறுப்பு. குளோரின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. விட்டால் நீர் மஞ்சளாக வேண்டும். மஞ்சளாகாவிட்டால், பாண்டுப்பில் போட்ட குளோரின் வழியிலேயே செலவாகிவிட்டது என்று பொருள். சந்துக்கு இரண்டு புட்டி வீதம், முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரே நாளில் எடுப்போம். முதல் வீட்டில் தெளிவு, கடைசி வீட்டில் கறுப்பு என்று வந்தால், ஓட்டை நடுவில் இருக்கிறது என்று அலுவலர் மேசையில் வைத்துக் காட்டலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்தப் புட்டியைத் தூக்கிக் காட்டிப் பேசலாம்.

அதுவரை, நீர் விட்டவுடன் வரும் முதல் இரண்டு மூன்று குடத்தைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், துணிக்கும் தரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர்ப் பாத்திரத்துக்குள் கையை விடாமல் காம்புள்ள அகப்பையால் மொள்ளுங்கள். டிரம்மை வாரம் ஒரு முறை கழுவுங்கள். மழை நான்கு மாதமும் கொதிக்கவையுங்கள். எரிவாயுச் செலவு இருக்கிறது, தெரியும். மோட்டார் வைத்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு மனுவில் கையெழுத்திடுங்கள். வைத்துக்கொண்டே கையெழுத்திட்டால் அலுவலர் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார். (சிரிப்பு)

இயந்திரம் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். கழிவு நீரைப் பிடித்துவையுங்கள், தொட்டியைக் கழுவுங்கள், ஆனால் மனு கொடுக்கப் போகும் நாளில் எங்களோடு வாருங்கள்.

புட்டிகள் நாற்பது வாங்கி வைத்திருக்கிறோம். பின் பக்கத்து மேசையில் மகளிர் அணியினர் பெயர் பதிகிறார்கள். ஞாயிறு காலையில் உங்கள் சந்தில் நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்கு ஆள் வருவார்.